கடற்காற்றுக்குக் காத்திருந்த எட்டு சிலிண்டர்

போன வாரம் நான் விம்கோ நகர்ப் பட்டறைக்கு வந்தபோது நீங்கள் ஐந்தாறு பேர் ஒரு இஞ்சினைச் சுற்றி நின்று வாதாடிக்கொண்டிருந்தீர்கள். யாரோ ஒரு பணக்காரரின் வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றி வந்த பழைய இஞ்சின். அதை ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றப் போகிறீர்கள். குதிரைசக்தி எவ்வளவு வரும், சைலன்ஸரை எடுத்துவிட்டால் சத்தம் எப்படி இருக்கும் என்று பேச்சு. ஒரு தம்பி என்னைப் பார்த்து, "நீங்க லாரிக்கே கார் இஞ்சின் போட்டீங்களாமே அங்கிள், எவ்ளோ ஸ்பீடு போச்சு?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் என் பஸ் வந்துவிட்டது. பஸ் வராவிட்டாலும் அதற்கு நின்றபடி பதில் சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இஞ்சினை எப்படிப் பொருத்துவது என்று எழுதப் போவதில்லை. நாங்கள் அட்டையை வெட்டி வைத்து அளவு பார்த்த வேலையை நீங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துவிடுகிறீர்கள். எங்களைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வண்டியைப் பற்றி; அதை ஓட்டிய ஒருவரைப் பற்றி.

காலடிப்பேட்டையில் எங்கள் பட்டறை இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட பெட்ரோல் லாரிகள் சில வடசென்னையில் ரொம்ப காலம் தாக்குப்பிடித்தன. சரக்கு லாரிகள் எல்லாம் டீசலுக்கு மாறிவிட்ட பிறகும், கவிழ்ந்த வண்டியைத் தூக்கவும் சேற்றில் சிக்கியதை இழுக்கவும் இவை இருந்தன. தினமும் ஓடாத வண்டி என்பதால் பெட்ரோல் குடிப்பது யாரையும் உறுத்தவில்லை. ஆனால் இஞ்சின் போய்விட்டால் மாற்று இஞ்சின் கிடைக்காது. அப்போதுதான் எங்களுக்குப் பழைய சொகுசுக் கார்கள் ஞாபகம் வரும். ஜமீன்தார்களும் பெரிய வியாபாரிகளும் ஒரு காலத்தில் வாங்கிய, படகு நீளத்துக்கு இருக்கும் கார்கள். தகரம் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். இஞ்சின் மட்டும் அதிகம் ஓடாமல் அப்படியே இருக்கும்.

அப்படி ஒரு ரெக்கவரி லாரி ராயபுரத்து அக்கா ஒருவரிடம் இருந்தது. தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பார். அக்கா என்றே சொல்லிவிடுகிறேன். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் லாரியை ஓட்டிய கணவருக்குச் சர்க்கரையால் கண் மங்கிப்போனபோது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு வந்தவர், ஒரு கட்டத்தில் இடம் மாறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். முறையாக ஹெவி லைசென்ஸ் எடுத்தார். துறைமுக ரோட்டில் அவர் லாரி வருவதைப் பார்த்தால் ட்ரெய்லர் டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேரை அவரே பள்ளத்திலிருந்து இழுத்துவிட்ட பிறகு சிரிப்பு நின்றது.

அந்த லாரியின் இஞ்சின் ஒரு மழைக்காலத்தில் பிளாக், அதாவது அதன் இரும்பு உடல், வெடித்துப் போய்விட்டது. அக்கா பட்டறை வாசலில் நின்று, "தாஸு, இத்த நம்பித்தான் என் வூட்ல அடுப்பு எரியுது. இன்னாத்தயாவது போட்டுக் குடு" என்றார். எனக்கு யானைக்கவுனியில் ஒரு பருப்பு மண்டிச் செட்டியாரைத் தெரியும். அவருடைய குடோனில், மூட்டைகளுக்குப் பின்னால், அவர் அப்பா வாங்கிய அமெரிக்கக் கார் ஒன்று கிடந்தது. ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர். காயலான் கடைக்காரர்கள் எத்தனையோ முறை கேட்டும் செட்டியார் அசையவில்லை. நானும் அக்காவும் போனோம்.

செட்டியார் எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். லாரிக்கு என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. தன் அப்பா வெள்ளிக்கிழமைதோறும் இந்தக் காரில் திருவொற்றியூர் கோயிலுக்குப் போய்வருவார், திரும்பி வரும்போது மடியில் வைத்திருக்கும் தீர்த்தச் சொம்பு ஒரு சொட்டுகூடத் தளும்பாது, அந்த மாதிரி இஞ்சினைப் போய் லாரியில் மாட்டி, கவிழ்ந்த வண்டியை இழுக்க விடுவதா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார்.

அக்கா சொன்னார்: "அதாங்க எங்களுக்கு வேணும். நாங்க இஸ்துகினு வர்ற வண்டிக்குள்ள சில நேரம் ஆளு மாட்டிகினு இருப்பாங்க. வெடுக்குனு இஸ்தா அவங்களுக்கு உசுரு போற மாதிரி வலிக்கும்."

செட்டியார் மோர் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு குடோன் சாவியை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை.

எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருந்ததால் இஞ்சின் லாரியின் மூக்குக்குள் அடங்கவில்லை. பின்னால் தள்ளினால் டிரைவர் கால் வைக்கும் இடத்தை வெட்ட வேண்டும். பட்டறையில் எல்லோரும் வெட்டலாம் என்றார்கள், அதுதான் சுலபம். நான் மறுத்தேன். வண்டி மோதினால் முதலில் நசுங்குவது டிரைவரின் கால்தான். அந்த இடத்தில் ஒரு விரற்கடைகூடக் குறைக்கக் கூடாது. ரேடியேட்டரை முன்னால் தள்ளி, பம்பரை நீட்டினோம். லாரிக்கு மூக்கு நீண்டுபோய் பார்க்க வேடிக்கையாக இருந்தது. பிரேக்குகளையும் மாற்றினோம். ஓடத் தொடங்குவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும். இதில் இன்றைக்கும் ஒரு மாற்றமும் இல்லை என்று நினைக்கிறேன்.

முதல்முறை ஸ்டார்ட் செய்த அன்று செட்டியார் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். இஞ்சின் ஓடியது. அவர் பக்கத்தில் வரவில்லை. எதிர்ப்பக்கத் தேநீர்க் கடை நிழலில் நின்று கேட்டுவிட்டு, தலையை ஆட்டிவிட்டு அதே ரிக்‌ஷாவில் திரும்பிப் போனார்.

வண்டி அவ்வளவு அமைதியாக ஓடியது. அதுவே முதல் மாதம் தொல்லையாகிவிட்டது. எங்கள் பக்கத்துச் சந்தை ரோட்டில் ஜனங்கள் காதால்தான் லாரியைப் பார்ப்பார்கள். சத்தம் கேட்டால் திரும்பாமலே ஒதுங்குவார்கள். இந்த வண்டி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. கீரைக்காரம்மா ஒருவர் நூலிழையில் தப்பினார். சைலன்ஸரில் ஓட்டை போட்டுவிடலாம், சத்தமும் கம்பீரமாக இருக்கும் என்று பட்டறையில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. செட்டியார் நம்பிக் கொடுத்ததைக் கெடுக்க மாட்டேன் என்று சொல்லி, காது கிழிகிற மாதிரி ஒரு ஹாரன் வாங்கி மாட்டிக்கொண்டார். சைலன்ஸர் முழுசாகவே இருந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பங்குனி மாதத்தில் ஒரு காலை. எண்ணூர் கடற்கரைச் சாலையில் பெட்ரோல் டேங்கர் ஒன்று விபத்தில் சிக்கியிருக்கிறது என்று தீயணைப்புத் துறையிலிருந்து அக்காவுக்கு ஆள் வந்தது. பட்டறை வழியாகப் போன அக்கா என்னையும் ஏற்றிக்கொண்டார். குறுக்கே வந்த சைக்கிள்காரரைத் தவிர்க்க டேங்கர் டிரைவர் வலது பக்கம் ஒடித்திருக்கிறார். வண்டி சாலையை விட்டு இறங்கி, ஒரு தொழிற்சாலையின் காம்பவுண்டு சுவர் மேல் சாய்ந்துவிட்டது. சுவருக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே டிரைவரின் வலது கால். டேங்கின் ஒரு ஓரத்திலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. பெரிய கிரேன் ட்ரெய்லர் நெரிசலைத் தாண்டி வர மதியம் கழியும் என்றார்கள்.

அக்கா வெகு தூரத்திலேயே இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார். தீயணைப்பு அதிகாரி இளவயதுக்காரர், தெளிவாகப் பேசினார். கேஸ் கட்டர் வைக்க முடியாது. நுரை அடித்திருக்கிறோம், ஆனால் சொட்டுவது நிற்கவில்லை. கேபினைச் சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கினால் போதும், காலை எடுத்துவிடலாம். விலக்கும்போது உலுக்கினால் வண்டி திரும்பச் சுவரில் மோதும். கால் போய்விடும், டேங்கும் பிளக்கும்.

இழுப்பதென்றால் கடல் பக்கத்திலிருந்துதான் இழுக்க வேண்டும். அங்கே சாலையோரம் அலையைத் தடுக்கப் போட்ட பாறைகள். அங்கே போய் நின்றபோது மூக்கில் பெட்ரோல் நெடி ஏறியது. காலை நேரம், காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. டேங்கரின் ஆவி முழுவதும் நாங்கள் லாரியை நிறுத்த வேண்டிய இடத்துக்கே வந்தது. பெட்ரோல் இஞ்சினை அங்கே ஸ்டார்ட் செய்தால் ஒரு பொறி போதும்.

அக்கா அதிகாரியிடம் சொன்னார்: "இன்னும் கொஞ்ச நேரத்துல கடக்காத்து கெளம்பிடும் சார். அப்போ ஆவி அந்தப்பக்கம் போயிடும். அதுக்கு மின்ன நான் சாவியத் தொட மாட்டேன்."

அதிகாரி வானத்தையும் கடலையும் பார்த்தார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆட்களை வெளியேற்றி, அடுப்பு எதுவும் எரியாமல் பார்த்துக்கொள்ளத் தன் ஆட்களை அனுப்பினார்.

குப்பத்திலிருந்து மீனவர்கள் வந்துவிட்டார்கள். லாரியை நிறுத்த வேண்டிய இடத்துக்கு, படகைத் தள்ளுகிற மாதிரி, இஞ்சின் இல்லாமலே தள்ளிக்கொண்டு போனார்கள். இரும்புக் கயிறு டேங்கரில் உரசினால் பொறி வரும் என்பதால், படகு இழுக்கும் வடங்களைக் கொண்டுவந்து டேங்கர் பக்கம் கட்டினார்கள். இரும்புக் கயிறு, அதைச் சுருட்டி இழுக்கும் எங்கள் லாரியின் வின்ச்சோடு இந்தப் பக்கமே நின்றது. கையாலேயே இழுத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். ஒரு கை வழுக்கினாலும் வண்டி திரும்பப் போய்ச் சுவரில் மோதும் என்று அக்கா சொன்னதும் அவர்கள் தள்ளி நின்றார்கள்.

அப்புறம் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. இந்த வேலையில் நான் பட்ட கஷ்டங்களிலேயே பெரியது அந்தக் காத்திருப்புதான். கையில் ஸ்பானர் இருக்கிறது, வண்டி தயார், கண்ணெதிரே ஒரு மனிதன் துடிக்கிறான். எதுவும் செய்யாமல் நிற்க வேண்டும்.

நான் டேங்கரின் இடது கதவுப் பக்கம் ஏறி அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பெயர் கௌதமன். புளியந்தோப்புக்காரர். முகத்தில் வியர்வை வழிய, "அண்ணே, பத்திக்குமா?" என்று கேட்டார்.

"காத்து திரும்பாம ஒண்ணயும் ஸ்டார்ட் பண்ண மாட்டோம். அதுக்குத்தான் குந்திகினு கீறோம்" என்றேன்.

"இஸ்துக்கப் போறது இன்னா வண்டி?"

"லாரிதான். இஞ்சின் மட்டும் யானைக்கவுனிச் செட்டியார் ஒருத்தரோட காரு."

வலியோடே ஒரு மாதிரி சிரித்தார். "செட்டியார் காரா? அப்போ ஏசி கீதா?"

நானும் சிரித்துவிட்டேன். அதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் கொடுத்தோம். ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் அவருடைய அண்ணன் வந்தார். தம்பியைப் பார்த்துவிட்டு ஓடிவந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அவன் சாவறான்கா. எல்லாத்தையும் ரெடியா வெச்சிகினு சொம்மா நிக்கிறீங்களே. ஸ்டார்ட் பண்ணுக்கா." கூட்டமும் சேர்ந்துகொண்டது. பாறை மேலிருந்து யாரோ அக்காவைப் பார்த்துத் திட்டினார்கள். பொம்பளை பயப்படுகிறாள், வேறு ஆளை ஏற்று என்றார்கள்.

அக்கா கையை உதறவில்லை. "உன் தம்பிய நெருப்புல வெச்சி இஸ்துக்கவா நைனா?" என்றார், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு துடுப்பில் கட்டி அவர் கையில் கொடுத்தார். "இத்த பிடிச்சிகினு அந்தப் பாறை மேல நில்லு. இப்போ கடல் பக்கம் பறக்குதுல்ல. எப்போ ஊர்ப்பக்கம் பறக்குதோ அப்போ எனக்குச் சொல்லு. நீ சொன்னாத்தான் நான் எடுப்பேன்."

அந்த மனிதர் பாறை மேல் ஏறி நின்றார். கண் துண்டை விட்டு விலகவில்லை. அவர் ஏறி நின்ற பிறகு கூட்டமும் துண்டையே பார்க்கத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் துண்டு தொங்கிப்போனது, காற்றே இல்லை. அந்த நிமிடங்கள் இன்னும் கொடுமை. பிறகு முனை மட்டும் லேசாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்து, மெல்ல விரிந்து, ஊர்ப்பக்கம் பறந்தது.

"வந்துச்சுக்கா" என்றார் அண்ணன்.

அக்கா அப்போதும் எடுக்கவில்லை. பாறையிலிருந்து சாலை வரை நடந்து, குனிந்து மோந்து பார்த்துவிட்டு வந்தார். அதிகாரியும் அதையே செய்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அக்கா செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, வெறுங்காலோடு ஏறி வின்ச் லீவரைப் பிடித்தார். இஞ்சினின் நடுக்கம் காலில் தெரிய வேண்டும் என்பார். நான் பானெட்டைத் திறந்து வைத்து, ஆக்ஸிலேட்டர் பெடலை நம்பாமல், பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டரைக் கையாலேயே பிடித்துக்கொண்டேன். லாரி பெடல் ஒரு மிதியில் உலுக்கிவிடும்.

"எடு தாஸு."

அக்கா சாவியைத் திருப்ப, இஞ்சின் பிடித்தது. சைலன்ஸர் முழுசாக இருந்ததால் ஒரு பொறிகூட வெளியே வரவில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது ஓடுவதே தெரியவில்லை. நான் வேகத்தைக் கூட்டவே இல்லை. சும்மா நிற்கும்போது எவ்வளவு சுற்றுமோ அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வேறு எந்த இஞ்சினும் அந்த வேகத்தில் அவ்வளவு பாரத்துக்கு உதறி நின்றுபோயிருக்கும். இது முனகக்கூட இல்லை. வடம் மெல்ல மெல்ல இறுகி விறைத்தது. டேங்கர் அசைந்தது என்று நான் பார்க்கவில்லை. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்வதைத்தான் பார்த்தேன். அதிகாரி கேபின் பக்கம் நின்று கையை மெதுவாக உயர்த்திக்கொண்டே வந்தார். கை நின்றதும் அக்கா லீவரைப் பூட்டினார். வண்டி அப்படியே நின்றது, ஒரு மயிரிழை பின்னால் போகவில்லை. இடுக்கில் மரக்கட்டைகளைச் சொருகி, தீயணைப்புக்காரர்கள் கௌதமனை வெளியே எடுத்தார்கள்.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அக்கா போய்ப் பார்க்கவில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு, பாறையில் உட்கார்ந்து, தன் செருப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்றை அலை கொண்டுபோய்விட்டது. திட்டியவர்களில் ஒருவர் தன் செருப்பைக் கழற்றி அவர் முன் வைத்துவிட்டு வெறுங்காலோடு போனார்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் பதில். அந்த லாரி எவ்வளவு வேகம் போகும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொகுசுக் காரின் இஞ்சினைப் பெரிதாகச் செய்தவர்கள் வேகத்துக்காக மட்டும் செய்யவில்லை. உள்ளே இருப்பவருக்கு வண்டி புறப்பட்டதே தெரியக் கூடாது என்று செய்தார்கள். அதை எடுத்து வேறு வண்டியில் வைக்கும்போது, எதற்காக அது பிறந்தது என்று ஒரு தடவை யோசியுங்கள். சத்தம் வேண்டும் என்று ஓட்டை போடுவதற்கு முன்னாலாவது யோசியுங்கள்.

கௌதமனின் கால் தப்பியது. நடையில் ஒரு இழுப்பு மட்டும் நிலைத்துவிட்டது. மறு வருடம் பெண் பார்த்து, வியாசர்பாடியில் கல்யாணம். மண்டபத்துக்கு அக்காவின் லாரியில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பெண் வீட்டில் முதலில் முகம் சுளித்தார்கள். அந்தப் பெண், மல்லிகா, தானே சரி என்றாளாம். கிரேன் கொக்கிக்குச் சாமந்திப்பூ சுற்றினோம். புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் முன்சீட்டில் ஏறினார்கள். அக்கா பட்டுப்புடவையில் ஸ்டியரிங் பிடித்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

பாதி வழியில் தண்ணீர் லாரி ஒன்றின் சக்கரம் தோண்டிப்போட்ட பள்ளத்தில் இறங்கி, ரோடு முழுக்க நின்றுபோயிருந்தது. அக்கா ஹாரனில் கை வைக்காமல் யோசித்தார். பௌத்த முறைக் கல்யாணம் என்பதால் முகூர்த்த நேரம் என்று எதுவும் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் மண்டபத்தில் ஜனம் காத்திருக்கும். நான் இறங்குவதற்குள் கௌதமன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டார். கொக்கியிலிருந்த பூவை உருவிப் போட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து, தண்ணீர் லாரியில் கயிற்றைத் தானே மாட்டினார். மாட்டிய இடத்தை இரண்டு முறை குனிந்து பார்த்தார். வேடிக்கை பார்க்க நெருங்கிய கூட்டத்துக்கு நடுவே மல்லிகா இறங்கினாள். தன் மாலை ஒரு கையில், மாப்பிள்ளை கழற்றிப் போட்ட மாலை இன்னொரு கையில். இரண்டையும் அகலமாக விரித்துக் கூட்டத்தை மறித்துக்கொண்டு சொன்னாள்:

"அல்லாரும் அப்பால போங்க. அக்கா எப்போ எடுக்கணுமோ அப்போதான் எடுப்பாங்க."